மூன்றடி மூன்றங்குலம்

பத்தரைக்கு வீட்டுக்கார அம்மா வசந்தாமணி வந்துவிடுவார், இப்போது மணி பத்து ஐந்து, நடுவில் இருக்கிற இந்த இருபத்தைந்து நிமிஷத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, சாய்ந்தால் முனகுகிறது, அதனால் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், மூவாயிரத்து இருநூறு சதுர அடி வீட்டில் இன்றைய தேதிக்கு உட்கார இருப்பது இது ஒன்றுதான். பெயின்ட் வாடை மூக்கைப் பிடுங்குகிறது. எதிரே ஆறுச்சாமி குத்தவைத்துக்கொண்டு கருப்பு கிரானைட் பலகையின் ஓரத்தைத் துணியால் துடைக்கிறான், துடைத்ததையே துடைக்கிறான், அதாவது சீக்கிரம் சொல்லித் தொலை என்று அர்த்தம். பலகையை மேடைமேல் சும்மா வைத்திருக்கிறான், பசை இன்னும் போடவில்லை. "பதிச்சறட்டுங்களா மேடம், பன்னெண்டு மணிக்கு நான் துடியலூர்ல இருக்கோணுங்க" என்றான் கொஞ்சம் முன்னால். இரு என்றேன். ஏன் இரு என்றேன்? நாலு மாதம் முன்னாலேயே வரைந்து, கல்லை நானே குவாரிக் கடைக்குப் போய்ப் பொறுக்கி, ஓரத்தைக் கை உறுத்தாமல் உருட்டித் தேய்க்கச் சொல்லி, எல்லாம் ஆன பிறகு என்ன இரு? மாராத்தா பண்ணின வேலை. காலையில் தரையைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து நின்று, சமையலறை வாசலை ஒட்டிய இந்த மேடையைப் பார்த்து, "இது எதுக்குங்க, சாமி வெக்கறதுக்கா?" என்று கேட்டாள். இல்லம்மா, வீட்டுக்கார அம்மா நின்னுகிட்டு சாப்பிடறதுக்கு என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் மேடையைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். "இத்தன பெரிய வூட்ல அந்தம்மா உக்கார எடமில்லீங்களா?" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

சும்மா இரு தமயந்தி, இருபத்தாறு வருஷமாக வீடு கட்டுகிறவள் நீ, அவள் எட்டு மணிக்குத் தரை கழுவ வந்தவள். ஆனால் அப்படி யோசிப்பதும் அசிங்கமாக இருக்கிறது, ஏனென்றால் என் தொழிலே மாராத்தா மாதிரி பார்ப்பதுதான். மற்றவர்கள் வீடு கட்டச் சொல்கிறவர்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நான் கேட்கமாட்டேன். கேட்டால் ஜனங்கள் பக்கத்து வீட்டில் இருப்பதைச் சொல்வார்கள், மச்சான் வீட்டில் பார்த்ததைச் சொல்வார்கள், ஜிம் வேண்டும் என்பார்கள், அவர்கள் குனிந்து செருப்பு வாரைக்கூட மாட்டமாட்டார்கள். அதனால் கேட்பதில்லை, பார்ப்பது மட்டும்தான். ஒரு கோடு போடுவதற்கு முன்னால் அவர்கள் இப்போது குடியிருக்கிற வீட்டில் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிடுவேன், ஒரு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி முதல் விளக்கு அணைக்கிற வரை. சாவியை எங்கே எறிகிறார்கள், செய்தித்தாளை எங்கே விரிக்கிறார்கள், சண்டை போட்டால் யார் எந்த அறைக்குப் போகிறார்கள், எல்லாம் நோட்டில் எழுதுவேன். அப்புறம் வீட்டில் ஆளுக்கு ஒன்று, பிளானில் பெயர் போடாமல், சொல்லாமல், செய்து வைப்பேன். குளிக்கும் முன் தோடு கழற்றுகிறவளுக்கு குளியலறை வாசலில் உள்ளங்கை அளவு ஒரு மாடம். படுத்துக்கொண்டே மழை பார்க்கிற பையனுக்குத் தலையணை மட்டத்தில் ஒரு ஜன்னல். குடிவந்து நாலு நாள் கழித்துக் கண்டுபிடித்துப் போன் செய்வார்கள், எப்படி மேடம் தெரிஞ்சுது என்பார்கள், அந்த ஒரு போனுக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், பொய்யில்லை. பீளமேட்டுச் சந்தில் இந்த வீட்டுக்காரர் சென்னியப்பன் இருந்த வீட்டிலும் அப்படித்தான் இரண்டு நாள். சென்னியப்பன் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைகிறவர், கணபதியில் பட்டறை, வாய் ஓயாமல் பேசுவார். வசந்தாமணி அவர் சம்சாரம், ஐம்பது ஐம்பத்திரண்டு இருக்கும், அதிகம் பேச்சில்லை, சிரிப்பு உண்டு. மகன், மருமகள். சாப்பாட்டு மேஜை சுவரோடு ஒட்டிக் கிடந்தது, மூன்று நாற்காலி. எனக்கு சமையலறை வாசலில் ஓர் ஒயர் நாற்காலி, "அதுல உக்காருங்க மேடம், அங்கதான் காத்து வரும்" என்று வசந்தாமணிதான் கையைக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான இடம். அடுப்பு தெரிந்தது, டிவி தெரிந்தது, மேஜை தெரிந்தது, ஜன்னல் வழியாக கேட் தெரிந்தது, கழுத்தைக்கூடத் திருப்ப வேண்டாம். எத்தனையோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அப்படி மொத்த வீடும் மடியில் வந்து விழுகிற ஓர் இடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒயர் கொஞ்சம் தொய்ந்திருந்தது. காலடியில் இரண்டு பூண்டுத்தோல் கிடந்தது, அதையும் எழுதினேன், 'சமையலறைக் குப்பை கூடம் வரை வருகிறது, வாசலில் ஒரு படி உயரம் வேண்டும்' என்று. எதைத்தான் விட்டேன் நான்.

நோட்டில் நாற்பத்தோராம் பக்கம். இப்போது திறந்து பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். 'வ. உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மற்றவர்களுக்குத் தோசை போட்டுக்கொண்டே சமையலறை நிலையில் சாய்ந்து, இடது கையில் தட்டு. மூன்று வேளையும்.' ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், 'மறுபடியும் நின்றுகொண்டே. கறிக்குழம்பு. தட்டை வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.' கீழே, 'முழங்கை உயரம் 3 அடி 3 அங்குலம்.' கண்ணளவுதான், ஆனால் என் கண்ணளவு அரை அங்குலத்துக்கு மேல் தப்பாது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நானும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவேன். ஆர்.எஸ்.புரத்து ஃபிளாட்டில் தொட்டிக்குப் பக்கத்தில், அடுப்பு மேடையில் தட்டை வைத்துக்கொண்டு, ஏழு நிமிஷம், கழுவிக் கவிழ்த்தால் ஆயிற்று. பாஸ்கரன் போன பிறகு வந்த பழக்கம். செத்துப்போகவில்லை, பிரிந்து போனான், பதினைந்து வருஷம் ஆகிறது, சென்னையில் நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. மேஜையில் இரண்டு நாற்காலி, ஒன்றில் உட்கார்ந்தால் இன்னொன்று எதிரில் நிற்கும், நிற்காமல் என்ன செய்யும். அதனால் நான் நின்றுவிட்டேன். சோகமெல்லாம் இல்லை, சௌகரியம். இல்லை, முதல் வருஷம் அழுதுகொண்டேதான் தின்றேன், அதற்கப்புறம்தான் சௌகரியம். அப்படியானால் வசந்தாமணிக்கு இது எந்த வருஷம்? இருபத்தெட்டு வருஷக் கல்யாணம், அவர் நிற்பது சௌகரியத்துக்கா, அல்லது மூன்று நாற்காலி வாங்கின வீட்டில் நாலாவது ஆளாக இருப்பதாலா? ஒரு மனுஷி விரும்பி நிற்கிறாளா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று நோட்டில் எப்படித் தெரியும், இரண்டுக்கும் முழங்கை உயரம் ஒன்றுதானே. நான் பாட்டுக்கு டேப்பைப் பிடித்து, கருப்புக் கல்லில், இன்னும் நாற்பது வருஷத்துக்கு அசையாமல், இந்தாம்மா உன் இடம், இங்கேயே நில் என்று கட்டி வைத்திருக்கிறேனா? மேலே ஒரு சின்ன விளக்கு வேறு. அவர் சாப்பிடுவதைக் கூடத்திலிருந்து யாரும் பார்க்காமல் இருக்க மூன்றடி அகலத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் வேறு. கூச்ச சுபாவம், மறைவு வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடவுளே, அந்தச் சுவரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பல் டாக்டர் வீடு ஞாபகம் வருகிறது, வரக்கூடாது என்று நினைக்கிறபோது வரும். பொள்ளாச்சி ரோட்டில், எட்டு வருஷம் முன்னால். அந்த டாக்டர் தினமும் கூடத்து சோபாவில் டிவி பார்த்தபடியே தூங்கிவிடுவார், இரண்டு நாளும் பார்த்தேன், நடுராத்திரியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார், பாவம் என்றிருந்தது. புது வீட்டின் கூடத்தில் ஜன்னலோரமாக ஆறரை அடி நீளத்துக்கு மரத்தில் ஒரு படுக்கை மேடை செய்தேன், மெத்தை, தலைமாட்டில் விளக்கு, கால்மாட்டில் போர்வைக்கு ஓர் இழுப்பறை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறு மாதம் கழித்து அவர் சம்சாரம் போன் செய்தார். "அவரு இப்ப மாடிக்கே வர்றதில்ல மேடம்" என்றார். நான் ஏதோ சிரித்து, அப்படிங்களா, அவ்வளவு வசதியா இருக்கா என்று கேட்டேன். என்ன ஜென்மம் நான். அவர் போனை வைத்துவிட்டார். பழைய சோபாவில் கழுத்து வலித்ததால்தான் அந்த மனுஷன் எழுந்து மாடிக்குச் சம்சாரத்திடம் போயிருக்கிறான், அந்தக் கழுத்து வலியைத் தீர்த்து வைத்தவள் நான். அப்போதும் சரியாகத்தான் பார்த்தேன். பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். தப்பாகப் பார்த்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். "மேடம், பத்து முக்காலுங்க" என்கிறான் ஆறுச்சாமி. வசந்தாமணியைக் காணோம். ஈரோட்டில் மகளுக்குப் பிரசவம் என்று நாலு மாதமாக அங்கேதான் இருந்தார், கான்கிரீட் போட்டபோது பார்த்ததோடு சரி, இன்றைக்குத்தான் வீட்டை வீடாகப் பார்க்க வருகிறார். வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள், பத்திரிகைகூட அடித்தாயிற்று. பதிச்சிடு ஆறுச்சாமி என்றேன். அவன் பசை டப்பாவைத் திறந்தான், புளிப்பு வாடை குப்பென்று அடித்தது. இரு இரு, வேண்டாம் என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, டப்பாவை மூடி, "உங்களுக்கு இன்னிக்கு ஒடம்பு செரியில்லீங்களா?" என்றான். கேட்டுவிட்டால் என்ன, வந்ததும் அந்த அம்மாவையே கேட்டுவிட்டால் என்ன? நீங்க ஆசைப்பட்டு நிக்கறீங்களா, விதியேன்னு நிக்கறீங்களா என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் என்ன சொல்வார், எல்லாம் நல்லா இருக்குதுங்க என்பார், அதற்குத்தானே நான் கேட்பதே இல்லை. இல்லை, அதற்காக மட்டும் இல்லை. கேட்டால் பதில் வரும், வந்தால் அதற்கு நான் கட்டுப்பட வேண்டும். பார்க்கும்போது அந்தத் தொல்லை இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கேட் சத்தம். ஸ்கூட்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, தனியாகத்தான் வருகிறார், கையில் ஒரு தூக்குப்போசி. "ஏனுங் மேடம், நேரமாயிருச்சுங்களா? உங்களுக்குத்தான் கொஞ்சம் மோர் கொண்டாந்தேன்." பேரனோடு இருந்ததில் இளைத்திருக்கிறார், ஆனால் முகம் தெளிவு. கூடத்தில் நின்று மேலே பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், சுவரைத் தடவினார், ஒவ்வொன்றுக்கும் நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்க. நான் பின்னாலேயே போனேன், இருபத்தாறு வருஷத்தில் ஒரு சுவருக்கு முன்னால் இப்படி நின்றதில்லை. மறைப்புச் சுவரைச் சுற்றி வந்து மேடையைப் பார்த்தார். "இது என்னங்க மேடம்?" கல்மேல் கையை வைத்தார், தன்னை அறியாமல் கொஞ்சம் சாய்ந்தார், முழங்கை போய் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தது, ஒரு நூல் மேலே இல்லை, கீழே இல்லை. ஆறுச்சாமிகூட அட என்றான். "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்களே" என்று சிரித்தார். உங்களுக்குத்தான் என்றேன். நீங்க நின்னுகிட்டு சாப்பிடறதுக்கு என்றேன்.

"நானுங்களா? நின்னுட்டா?" சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கியது. "நான் எப்பங்க நின்னுட்டு சாப்பிட்டேன்? எனக்கு நின்னா சோறே எறங்காதுங்களே."

இரண்டு நாளும் நின்னுதானேம்மா சாப்பிட்டீங்க என்றேன். புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும். நான் பார்த்தேனே.

"அட, அன்னிக்குங்களா?" சிரிப்பு நிற்கவில்லை. "அன்னிக்கு என்ர சேர்லதான நீங்க உக்காந்திருந்தீங்க."

ஒயர் நாற்காலி. தொய்ந்த ஒயர். எல்லாம் தெரிகிற அந்த இடம். அடுப்பில் பால் பொங்குகிறதா, டிவியில் என்ன, மேஜையில் யாருக்கு என்ன வேண்டும், கேட்டில் யார் வருகிறார்கள், எல்லாவற்றையும் பார்த்தபடி மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சாவகாசமாக, பூண்டு உரித்தபடி, இருபத்தெட்டு வருஷமாக ஒரு மனுஷி உட்கார்ந்து கண்டுபிடித்து வைத்திருந்த இடம். அதில் போய் நான் இரண்டு நாள் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மா ஏன் நிற்கிறார் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பாவம் என்று வேறு நினைத்தேன். சென்னியப்பனைக்கூட மனசுக்குள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கிறேன், அந்த மனுஷன் என்ன பண்ணினார். சொல்லியிருக்கலாமேம்மா என்றேன். "வந்தவங்கள எந்திரிங்கன்னு சொல்லுவாங்களா மேடம்? அதும் உங்களுக்கு அந்த எடம் ரொம்பப் புடிச்சுப் போச்சு, பாத்தாலே தெரிஞ்சுது" என்றார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உடனே, "ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. இது நல்லாத்தானுங்க இருக்குது, கறிவேப்பலை, கொத்தமல்லி எல்லாம் இதுமேல வெச்சுக்குவேன்" என்றார்.

கல்லை எடுத்துடு ஆறுச்சாமி என்றேன். அவன் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். அடியில் இருந்த செங்கல் மேடையை அவனே உளியால் நாலு தட்டுத் தட்டிப் பெயர்த்தான், பூசி ஒரு வாரம்கூட ஆகாததால் சுலபமாக வந்தது. நான் போய் அந்த வெள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே போட்டேன். பின்கால் விரிசல், சாயாதீங்க என்றேன். வசந்தாமணி தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். இடது பக்கம் திரும்பினார், அடுப்பு மேடை தெரிந்திருக்கும். நேராகப் பார்த்தார். கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க இருந்து கேட்டு தெரியாதுங்களா?" என்றார். நான் மறைப்புச் சுவரைப் பார்த்தேன். "பரவால்லைங்க. பழகிக்குவேன்."

பழகிக்கொள்வார், அதில் சந்தேகமே இல்லை. ஒரு வருஷம் கழித்து என்னை மாதிரி இன்னொருத்தி வந்து உட்கார்ந்து பார்த்தால், 'வ. சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறார், தனிமை விரும்புகிறவர்' என்று எழுதுவாள். கொஞ்சம் எழுந்திரிங்க என்றேன். அவர் எழுந்தார். நான் உட்கார்ந்தேன், நாற்காலி முனகியது. முன்னால் சுவர். மூன்றடி அகலம், ஏழடி உயரம், பழுதே சொல்ல முடியாத பூச்சு, இரண்டு கோட் பெயின்ட், வேறு எதுவுமே இல்லை. அப்புறம் எழுந்து, அவரை மறுபடியும் உட்காரச் சொல்லி, பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனேன். இங்க ஒரு ஜன்னல் மாதிரி திறந்துடலாம், எந்த உயரத்துல வேணும், நீங்க சொல்லுங்க என்றேன்.

"மேடம், பெயின்ட் அடிச்ச செவுருங்க. வியாழக்கெழமை பால் காச்சறமுங்க."

தெரியும். சொல்லுங்க.

அவர் ஆறுச்சாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் பென்சிலை என் கண்ணளவுக்கு ஓரிடத்தில் வைத்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இன்னுங் கீழங்க" என்றார். "இன்னுங் கொஞ்சம்."